வாங்கிக்கொள்ளாத இருபத்தேழு

"மேடம், இருபத்தேழுக்கு அந்தத் திறமையே கெடையாதுங்க. எழுதி முடிச்சுட்டேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னாப் போதும்."

சென்னியப்பன் தீசிஸை மேசைமேல் வைத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நீல அட்டை.

டாக்டர் பவுலின் அட்டையைத் திறக்கவில்லை.

"வாய் இல்லையா சார், வாய் மூடியிருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே. எப்படியும் உள்ள ஒண்ணும் போறதில்ல."

"வெளிய நிக்கிறவங்களுக்கு ஒண்ணுதான்" என்றார் பவுலின்.

தீசிஸைச் சென்னியப்பன் பக்கமே மெல்லத் தள்ளிவைத்தார். கையெழுத்துப் போடவில்லை.

*

குன்னூருக்கு மேலே, தேயிலைச் சரிவுக்கு நடுவில், ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் அந்த ஆய்வுக்கூடம் இருந்தது. கிருமிகளைப் பற்றி ஆராய்கிற இடம். பவுலின் அதற்குத் தலைவர். நாகர்கோவில்காரர். வயது முப்பத்தெட்டு. அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பாதி நேரம் அது கேள்வியாகத்தான் இருக்கும்.

சென்னியப்பனுக்கு ஐம்பது வயது. காரமடைப் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக உயிரியல் நடத்துகிறார். வகுப்பில் யாராவது கை தூக்கினால், "கடைசியில கேளுங்க" என்பார். கடைசியில் மணி அடித்துவிடும்.

அவரிடம் படித்த இரண்டு பேர் டாக்டர் பட்டம் வாங்கிவந்து, அதே கல்லூரியில் அவருக்கு அடுத்த அறையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் பவுலினிடம் பதிவு செய்துகொண்டார். ஏழு வருடத்துக்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். இன்னும் பத்து வாரம் இருந்தது.

வயதில் மூத்தவர் என்பதால் பவுலின் அவரைச் சார் என்பார். தனக்கு கைடு என்பதால் அவர் பவுலினை மேடம் என்பார். ஆறு வருடத்தில் இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

இருபத்தேழு என்பது ஒரு பாக்டீரியா. எங்கோ ஒரு மருத்துவமனைத் தண்ணீர்க் குழாயிலிருந்து வழித்தெடுத்தது. சேகரிப்பில் இருபத்தேழாவது குப்பி. அதனால் அந்தப் பெயர்.

அதன் சொந்தக்காரக் கிருமிகள் எல்லாம் ஒரு காரியம் செய்யும். பக்கத்தில் ஒன்று செத்து, அதன் டிஎன்ஏ சிதறிக் கிடந்தால், அதை இழுத்துத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும். செத்தது கற்றுவைத்திருந்த வித்தை அப்படியே இதற்கு வந்துவிடும்.

இருபத்தேழு அதைச் செய்ததில்லை.

சென்னியப்பனின் சோதனை எளிது. அவரிடமிருந்த இருபத்தேழுக்கு ஒரு சத்தைத் தானாகத் தயாரிக்கத் தெரியாது. அந்தச் சத்து இல்லாத தட்டில் அதை வளர விடுவார். கூடவே, அதைத் தயாரிக்கத் தெரிந்த கிருமியின் டிஎன்ஏவையும் ஊற்றுவார். உள்ளே வாங்கிக்கொண்டால் பிழைத்துப் புள்ளி புள்ளியாக முளைக்கும். வாங்காவிட்டால் தட்டு வெறுமையாகக் கிடக்கும்.

மூன்று வருடம். எண்ணூறு தட்டுக்கு மேல். எல்லாம் வெறுமை.

அதைத்தான் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமாக எழுதியிருந்தார்.

*

அடுத்த சனிக்கிழமையும் முதல் பஸ்ஸில் மலையேறி வந்தார்.

"மேடம், ஒம்பது வாரந்தானுங்க இருக்கு."

பவுலின் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாதியக்கா இருபத்தேழு பிளேட்டை மட்டும் தனி ரேக்குல வைக்கிறாங்க. கவனிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"ஏன்னு கேட்டுட்டு வாங்க."

மாதியக்கா ஆய்வுக்கூட உதவியாளர். பக்கத்துக் கேத்தி ஊர்க்காரர். கிருமி வளர்க்கும் தட்டுகளுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றுவது, அடுக்குவது, கழுவுவது எல்லாம் பத்தொன்பது வருடமாக அவர் வேலை. சென்னியப்பன் போனபோது சோதனைக் குழாய்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, இருபத்தேழ ஏன் தனியா வெக்கிறீங்க?"

"நாலுக்கு ஆகாதே சார்."

நாலு என்பது இருபத்தேழின் சொந்தக்காரக் கிருமி. அதே சேகரிப்பில் நான்காவது குப்பி.

"ஆகாதுன்னா?"

மாதியக்கா கையைத் துடைத்துக்கொண்டார்.

"போன மழையில ஒரு நாளு இருபத்தேழு பாட்டிலு மூடி சரியில்லாம நாலு பிளேட்டு மேல சொட்டிருச்சு. மறுநாள் பாத்தா, சொட்டுன எடமெல்லாம் ஓட்டை. வட்ட வட்டமா, கண்ணாடி கணக்கா. அங்க மட்டும் நாலு செத்துக் கெடக்கு. உங்ககிட்ட கொண்டாந்து காட்டினேனே சார்."

"எங்கிட்டயா?"

"ஆமா. சன்னலோரம் எழுதிட்டிருந்தீங்க. சரிங்க, வெச்சுட்டுப் போங்கன்னீங்க. சாயங்காலம் பாத்தா கூடையில கெடந்துச்சு."

"நீங்க வேற யாருகிட்டயோ காட்டியிருப்பீங்க."

"இருக்கலாம் சார்" என்றார் மாதியக்கா. மறுபடி குழாய்களைக் கவிழ்க்க ஆரம்பித்தார்.

மாதியக்கா சொன்னது தவறு என்று காட்டத்தான் சென்னியப்பன் தன் பழைய குறிப்பேடுகளை எடுத்தார். போன வருடம், ஜூலை. பக்கம் புரட்டினார்.

இருந்தது. அவருடைய கையெழுத்துதான். முத்து முத்தாக.

"நாலு. தட்டு கெட்டுவிட்டது. எறிந்தாயிற்று."

மேலும் புரட்டினார். ஆகஸ்டில் ஒன்று. அக்டோபரில் ஒன்று. அதற்கும் முந்தைய வருடம், மாதியக்கா சம்பந்தமே இல்லாமல், அவரே பார்த்து அவரே எறிந்த ஒன்று.

ஏட்டை மூடிவைத்தார். டிபன் பாக்ஸ் திறக்காமல் கிடந்தது.

*

"மேடம், மாதியக்கா சொன்னது நெசந்தானுங்க."

"அவங்க சொன்னது நிஜமான்னு நான் கேக்கல சார். ஓட்டை எதனால?"

"தெரியலீங்க."

"சரி."

அவ்வளவுதான் பதில். ஆனால் "தெரியலீங்க" என்று சென்னியப்பன் அந்த அறையில் சொன்னது அதுதான் முதல் தடவை. அது அவர் காதிலேயே புதிதாக விழுந்தது.

கல்லூரிக்கு ஒரு வாரம் விடுப்புப் போட்டார். இருபத்தேழு வளர்ந்த தண்ணீரை எடுத்து, பாக்டீரியா நுழைய முடியாத சன்னமான வடிகட்டியில் வடித்தார். வடித்த தண்ணீரில் ஒரு பாக்டீரியாகூடக் கிடையாது. அதை நாலு வளரும் தட்டில் ஒரு சொட்டு விட்டார்.

மறுநாள் காலை அங்கே ஓட்டை. வட்டமாக, கண்ணாடி கணக்காக. அதிலிருந்து துளி தொட்டு நாலு வளரும் இன்னொரு தட்டில் வைத்தார்; அங்கேயும் ஓட்டை.

பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் நுழைந்து, பாக்டீரியாவைக் கொன்று, இப்படிப் பெருகிக்கொண்டும் போவது ஒன்றுதான். வைரஸ். மனிதருக்குக் கிருமி வருவதுபோல் கிருமிக்கும் வருவது.

இருபத்தேழுக்குள் ஒரு வைரஸ் குடியிருந்தது. கொல்லாமல், பிரியாமல், இருபத்தேழின் டிஎன்ஏவுக்குள் தன் டிஎன்ஏவைச் செருகிக்கொண்டு உறங்கியது. எப்போதாவது ஒன்றிரண்டு விழித்து வெளியே வரும். வந்தால் நாலைக் கொல்லும்.

"எங்க செருகியிருக்கு?" என்று கேட்டார் பவுலின்.

"அதைப் பாக்கலீங்க."

பவுலின் நீல அட்டைத் தீசிஸை எடுத்தார். முதல் தடவையாகத் திறந்தார். அறுபத்தொன்றாம் பக்கம். டிஎன்ஏவை உள்ளே இழுக்கும் பொறியை இயக்குகிற மரபணு. அது இருபத்தேழில் பாதிதான் இருக்கிறது, உடைந்துபோன மிச்சம் என்று சென்னியப்பன் எழுதியிருந்தார்.

"மறுபாதி?"

"இல்லீங்க."

"தேடினீங்களா?"

"அது இருக்கவேண்டிய எடத்துல இல்லீங்க."

"இருக்கவேண்டிய எடத்துல" என்று பவுலின் திருப்பிச் சொன்னார். தீசிஸை மூடினார்.

அன்று மதியம் சென்னியப்பன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இருபத்தேழின் டிஎன்ஏ எழுத்துகளை அந்தப் பாதி முடிகிற இடத்திலிருந்து வரிவரியாக நகர்த்திக்கொண்டே போனார். ஆயிரம் எழுத்து. பத்தாயிரம். முப்பதாயிரம். எல்லாம் வைரஸின் எழுத்துகள்.

நாற்பத்திரண்டாயிரம் எழுத்துக்கு அப்பால் மறுபாதி இருந்தது. ஓர் எழுத்துகூடக் குறையவில்லை.

*

"வைரஸ் வாய்லதான் உக்காந்திருக்குதுங்க" என்றார்.

"கிளம்பினா?"

"ரெண்டு பாதியும் ஒட்டிக்கும்னு நெனைக்கிறேனுங்க. பாத்தாத்தான் தெரியும்."

"ஏழு வாரம் இருக்கு. எழுதினதைக் குடுத்தா பட்டம் கிடைக்கலாம். அதுல இருக்கிற சோதனை எதுவும் பொய் இல்லையே."

சென்னியப்பன் அவரைப் பார்த்தார். பவுலின் சோதித்துப் பார்ப்பதற்காகச் சொல்வதுபோல் தெரியவில்லை. பேனாவை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார்.

சென்னியப்பன் இரண்டு கையாலும் தீசிஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"புற ஊதா விளக்கு எந்த அறையில இருக்குதுங்க?"

அந்த ஒளியில் காட்டினால் உறங்கும் வைரஸ் விழிக்கும். விழித்தால் பெரும்பாலும் குடியிருந்த வீட்டை உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். லட்சத்தில் ஒரு சில பிழைக்கும். பிழைத்தவற்றில் எப்போதாவது ஒன்றில், வீடு நிற்கும், வைரஸ் மட்டும் போயிருக்கும்.

பிழைத்தவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார். முந்நூற்றுப் பதினெட்டாவதில் இரண்டு பாதியும் ஒட்டியிருந்தன.

அதைச் சத்தில்லாத தட்டில் பரப்பினார். டிஎன்ஏ ஊற்றினார். இரண்டு நாள் காத்திருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் தட்டைத் திறந்தார். பத்தொன்பது புள்ளிகள்.

எண்ணினார். மறுபடி எண்ணினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று வருடமாக வெறுமையை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் புள்ளிகள் சட்டென்று பிடிபடவில்லை.

மாதியக்கா அந்தப் பக்கம் கூழ்ப் பாத்திரத்தோடு போனார்.

"அக்கா, இங்க வாங்க. பாருங்க."

மாதியக்கா பார்த்தார்.

"மொளைச்சிருக்கே சார்!"

"மொளைச்சிருச்சுங்கக்கா."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தீசிஸ் ஞாபகம் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் பாதிக்கு மேல் இனி உதவாது.

*

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கலீங்க மேடம்."

"சொல்லுங்க."

"வைரஸ் உள்ள எடம் புடிச்சாச்சு. வீடு நல்லாருந்தாத்தான் அதுக்கும் நல்லது. வெளியிலிருந்து புதுசா ஏதாச்சும் உள்ள வந்தா வீடு இன்னும் பலப்படத்தான் செய்யும். அப்புறம் எதுக்குங்க போயும் போயும் வாயில உக்கோரணும்?"

பவுலின் எழுந்து குளிர்பெட்டியைத் திறந்தார். ஒரு குப்பியை எடுத்து அவர் கையில் வைத்தார். முப்பத்தொன்று.

"இதுக்குள்ளயும் அதே வைரஸ் இருக்கு. ஆனா வேற எடத்துல. வாய் திறந்திருக்கு. நாலுக்குள்ள வைரஸ் கிடையாது. நாலோட டிஎன்ஏவை இதுக்குக் குடுங்க."

"குடுத்து?"

"முப்பத்தொண்ணுல எத்தனைக்குள்ள வைரஸ் மிச்சமிருக்குன்னு எண்ணுங்க."

ஆறு நாள் ஆயிற்று. முப்பத்தொன்றில் அறுநூறை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிஎன்ஏ கொடுக்காமல் வைத்திருந்த இன்னோர் அறுநூறையும் பார்த்தார்.

கொடுக்காத அறுநூறிலும் வைரஸ் அப்படியே இருந்தது. கொடுத்த அறுநூறில் ஒன்பதில் இல்லை.

பவுலின் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"உள்ள வர்ற டிஎன்ஏ சும்மா ஓரமா நிக்கிறதில்லீங்க மேடம். தனக்குச் சமமான எடத்தைத் தேடிப் போயி, அங்க இருக்கறதை எடுத்துப்போட்டுட்டு, தான் உக்காருது. நாலுல அந்த எடத்துல வைரஸ் இல்ல. அது வந்து உக்காந்தா இங்கயும் வைரஸ் இல்லாமப் போயிருது."

"அதனால?"

"அதனால, உள்ள உக்காந்திருக்கறது நெலைக்கணும்னா மொதல்ல வாயைத்தான்…"

பாதியில் நிறுத்திவிட்டார்.

வகுப்பில் தூக்கிய கைகள் அவர் நினைவுக்கு வந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார். கீழே சரிவில் தேயிலை பறிப்பவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து எழுந்து போனார்.

*

நான்கு வாரம் எழுதினார். கல்லூரிக்குப் போனார், மாலை வீட்டுக்கு வந்தார், எழுதினார், சனி ஞாயிறில் மலையேறினார்.

ஓட்டையை முதலில் கண்டவர் என்று மாதியக்காவின் பெயரை மூன்றாம் அத்தியாயத்தின் முதல் வரியில் போட்டார். எந்தத் தேதி, எந்தத் தட்டு என்று அவரிடமே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார். "எம்பேரு எதுக்கு சார் அதுல?" என்றார் மாதியக்கா. "பாத்தது நீங்கதானுங்களே" என்றார் சென்னியப்பன்.

தான் எறிந்த நான்கு தட்டுகளையும் எழுதினார். தேதியோடு.

எல்லாம் முடிந்து, கடைசியாக மேற்கோள் பட்டியலைச் சரிபார்க்கும்போதுதான் அந்தக் கட்டுரையில் வந்து நின்றார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் வந்தது. இந்தக் கிருமிக் குடும்பத்தில் மருத்துவமனை வகைகள் டிஎன்ஏவை உள்ளே வாங்கும் திறனை நிரந்தரமாக இழந்துவிட்டன என்று சொல்வது. உலகத்தில் பல பேர் மேற்கோள் காட்டியது. எழுதியவருக்குப் பரிசு வாங்கிக் கொடுத்தது, இந்த மலையில் ஓர் ஆய்வுக்கூடத்தையும் கொடுத்தது.

எழுதியவர் பவுலின்.

அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் சென்னியப்பன் அவரைத் தேடி வந்திருந்தார்.

இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஒரு வரி எழுதினார். அடித்தார். வேறு மாதிரி எழுதினார். கடைசியில், "முந்தைய சில ஆய்வுகள் இந்தக் கோணத்தை முழுமையாகக் கருத்தில் கொள்ளவில்லை" என்று எழுதினார். படித்துப் பார்த்தார். யாரையும் குத்தவில்லை. அழகாகவும் இருந்தது.

பதிவு முடிய ஐந்து நாள் இருக்கும்போது தீசிஸைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நூற்று நாற்பது பக்கம்.

பவுலின் இந்த முறை முதல் பக்கத்திலிருந்து படித்தார். சென்னியப்பன் எதிரில் உட்கார்ந்திருந்தார். டீ இரண்டு முறை வந்தது. மதியம் தாண்டியபோது நூற்றுப் பத்தாம் பக்கத்தில் பவுலினின் விரல் நின்றது.

"முந்தைய சில ஆய்வுகள்னு போட்டிருக்கீங்க. எத்தனை?"

சென்னியப்பன் டீ டம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

"எத்தனை சார்?"

"ஒண்ணுதானுங்க."

"யாரோடது?"

"உங்களுதுங்க."

"பேரு இல்லையே இதுல."

"மேடம், வெளியூர்லருந்து ரெண்டு பேர் இதைத் திருத்தப் போறாங்க. உங்களைத் தெரிஞ்சவங்களாத்தான் இருப்பாங்க."

"ஆமா."

"நீங்க சொன்னது தப்புன்னு உங்ககிட்டப் படிச்சவனே எழுதுறதுங்களா?"

பவுலின் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். ஒரே கோடு. நேராக. பிறகு பேனாவையும் பக்கத்தையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

சென்னியப்பன் பேனாவை எடுத்தார். எழுதவில்லை.

"இது உங்களுக்கு முன்னாலயே தெரியுங்களா மேடம்?"

"தெரியாது. ரெண்டு மூணு தடவை தோணிச்சு."

"அப்ப நீங்களே பாத்திருக்கலாமுங்களே."

"பாக்கல."



"உங்களுக்கு வருத்தமா இல்லீங்களா?"

"இருக்கு" என்றார் பவுலின். "எழுதுங்க."